கட்டுமரத்துக்குக் கப்பல் சுக்கான் எதற்கு?



கணிப்பொறித் துறையில் இன்று எந்தப் பக்கம் திரும்பினாலும் 'டெவ்ஆப்ஸ்' என்று ஒரே பேச்சுதான். மின்சார ரயிலில் ஒட்டியிருக்கும் நோட்டீசிலிருந்து வேலைவாய்ப்பு முகாமில் பேச வருகிறவர் வரைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். டாக்கர் தெரியுமா, கூபர்நெட்டீஸ் தெரியுமா, ஜென்கின்ஸ் தெரியுமா, டெர்ராஃபார்ம் தெரியுமா என்று பெயர்களை அடுக்குகிறார்கள். இதெல்லாம் யாருக்கு, எப்போது தேவை என்று மட்டும் யாரும் சொல்வதில்லை! ஒரு மென்பொருள் குழு தனக்கான கருவிகளையும் சர்வர்களையும் எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எனக்குப் பட்டதை இங்கே எழுதுகிறேன். பதினெட்டு வயசுப் பையனுக்கு இதில் என்ன அனுபவம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் என்பதால் எந்தப் பொருளையும் வாங்கும் முன் நாலு கடையில் விலை விசாரிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. இந்தக் கட்டுரைக்கு அந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

முதலில் டெவ்ஆப்ஸ் என்பது ஒரு கருவியின் பெயர் அல்ல. மென்பொருள் எழுதுகிறவர்கள் ஒரு பக்கம், அதை சர்வரில் ஏற்றி இரவு பகலாக ஓட்டுகிறவர்கள் இன்னொரு பக்கம் என்று கம்பெனிகள் நடந்துகொண்டிருந்த காலம். ஏதாவது கெட்டுப்போனால் "என் மெஷின்ல ஓடுச்சே" என்பார் எழுதினவர். "இங்க ஓடலையே" என்பார் ஓட்டுகிறவர். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது வாடிக்கையாளர். 2009-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஃப்ளிக்கர் நிறுவனத்தின் ஜான் ஆல்ஸ்பா, பால் ஹாமண்ட் இருவரும் ஒரு கருத்தரங்கில், நாங்கள் ஒரே நாளில் பத்து முறைக்கு மேல் புதிய மாற்றங்களை வெளியிடுகிறோம், காரணம் எங்களுடைய இரண்டு பக்கமும் சேர்ந்து வேலை செய்வதுதான் என்று பேசினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் பெல்ஜியம் நாட்டு கென்ட் நகரில் பேட்ரிக் டிபுவா என்பவர் கூட்டிய கூட்டத்தில்தான் இந்தப் பெயர் நிலைத்தது. ஆக, இது ஒரு பழக்கம். கருவி பிறகு வந்தது. நம் ஊர்ப் பயிற்சி மையங்களில் பழக்கத்தை விட்டுவிட்டுக் கருவியை மட்டும் விற்கிறார்கள்.

இந்தத் துறையின் வார்த்தைகளில் பாதி நம் வடசென்னைக்காரர்களுக்குச் சொந்தமானவை என்பது உங்களுக்குத் தெரியுமா? திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணிக்கணக்கில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பார்க்காமல் நம்மில் யாரும் வளரவில்லை. 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி, 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலில் 58 கன்டெய்னர்களை ஏற்றி அமெரிக்காவின் நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதுவரை கப்பலில் சரக்கு ஏற்ற டன்னுக்கு ஆறு டாலர் அளவில் ஆன கூலி, பதினாறு சென்ட்டுக்கு இறங்கியது. நம் சென்னைத் துறைமுகத்தில் 1983-ல் கன்டெய்னருக்கென்றே தனி முனையம் வந்தது. என் அம்மாவைப் பெற்ற தாத்தா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். பெட்டிக்குள்ளே என்ன இருக்கிறது என்று தூக்குகிறவனுக்குத் தெரியத் தேவையில்லாத காலம் வந்த பிறகு, தூக்குகிறவனே தேவைப்படவில்லை. அது வேறு கதை.

2013-ல் சாலமன் ஹைக்ஸ் என்பவர் வெளியிட்ட டாக்கர், இதே வேலையைத்தான் மென்பொருளுக்குச் செய்தது. நிரலையும் அது ஓடத் தேவையான எல்லாவற்றையும் ஒரே அளவுப் பெட்டியில் அடைத்துவிட்டால், என் லேப்டாப்பில் ஓடியது சர்வரிலும் ஓடும். இங்கிலாந்து ஆங்கிலத்தில் டாக்கர் என்றால் துறைமுகத் தொழிலாளி, அதாவது என் தாத்தா! அடுத்த வருடம் 2014-ல் கூகுள் வெளியிட்டது கூபர்நெட்டீஸ். கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். நூற்றுக்கணக்கான பெட்டிகளைப் பல மெஷின்களில் பிரித்து வைத்து, ஒன்று விழுந்தால் இன்னொன்றை எழுப்பும் அமைப்பு அது. கூகுள் போன்ற ஒரு நிறுவனம் தனக்கிருந்த பிரச்சினையிலிருந்து கற்றுக்கொண்டு செய்தது. அருமையான வேலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் கன்டெய்னர் கப்பலின் சுக்கானைக் கொண்டுவந்து முகத்துவாரத்துக் கட்டுமரத்தில் பொருத்தினால் கட்டுமரம் கவிழுமா, ஓடுமா? சற்றே சிந்தித்துப் பாருங்கள்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. எங்கள் குழுவில் நாலு பேர். இறுதியாண்டுத் திட்ட வேலைக்காக எங்கள் குப்பத்து மகளிர் சுய உதவிக் குழுக்களின் சேமிப்பு, கடன் கணக்கை எழுதும் மென்பொருள் செய்கிறோம். மூன்று குழு, மொத்தம் ஐம்பது பெண்களுக்கும் குறைவு. மீன் கூடை தூக்கி, கருவாடு போட்டு, வாரா வாரம் கட்டும் பணம். அந்தக் கணக்கில் ஒரு வரி தொலைந்தால் இரண்டு குடும்பம் பேசாமல் போய்விடும்! இதற்கு எந்தக் கருவி, எங்கே சர்வர் என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. கூபர்நெட்டீஸ்தான் போட வேண்டும் என்று நண்பன் ஒருவன் பிடிவாதமாக நின்றான். "இல்லாட்டி இன்டர்வியூல என்னடா சொல்றது?" என்றான்.

அவன் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. நமக்கெல்லாம் வேலை வேண்டும். வீட்டில் யாரும் ஆபீசுக்குப் போனதில்லை, சிபாரிசுக்கு ஆள் இல்லை, ரெஸ்யூமில் இருக்கும் நாலு வார்த்தைதான் நம் ஜாதகம். அதற்காக அந்தம்மாக்களின் கணக்கை நம் ஜாதகத்துக்குப் பலி கொடுக்கலாமா? முறைப்படி போட வேண்டுமானால் கூபர்நெட்டீஸைக் கட்டுப்படுத்தவே மூன்று மெஷின் வைக்கச் சொல்கிறார்கள். ஐம்பது பேர் கணக்குக்கு மூன்று சுக்கான்காரர்! நாம் படித்து முடித்துக் கிளம்பின பிறகு அதை யார் பார்ப்பது?

இந்த இடத்தில் எங்க நைனா படகுக்கு இன்ஜின் எடுத்ததைச் சொல்ல வேண்டும். கடைக்காரர் எத்தனை குதிரைசக்தி என்று பெருமை பேசிக்கொண்டே இருந்தார். நைனா கேட்டது வேறு. ஸ்பேர் காசிமேட்டில் கிடைக்குமா? நடுவில் நின்றுபோனால் நானே திறந்து பார்க்க முடியுமா? எண்ணெய் எவ்வளவு குடிக்கும்? வெளியே வந்து என்னிடம் சொன்னார், "டேய், விக்கறவன் கரையில நிப்பான்டா. நடுக்கடல்ல நிக்கறது நாமதான்." நைனா ஐந்தாவது வரை படித்தவர். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் கருவித் தேர்வைப் பற்றி இதைவிடத் தெளிவாக எழுதியிருக்கவில்லை.

நானே திறந்து பார்க்க முடியுமா என்பதுதான் திறமூல மென்பொருளின் மொத்த விஷயமும். இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. இலவசம் வேறு, திறமூலம் வேறு. லினக்ஸ் எழுதுகிறவர்கள் பிட்கீப்பர் என்ற ஒரு கம்பெனியின் கருவியை இலவசமாகப் பயன்படுத்தி வந்தார்கள். 2005-ல் அந்தக் கம்பெனி இலவச உரிமத்தைத் திரும்பப் பெற்றது. லினஸ் டோர்வால்ட்ஸ் அதே ஏப்ரலில் உட்கார்ந்து எழுதத் தொடங்கியதுதான் இன்று நாம் எல்லோரும் பயன்படுத்தும் கிட். அவரால் முடிந்தது, நம்மால் முடியுமா? திறமூலம் என்ற பெயரிலேயே இருந்தவர்களும் மாறியிருக்கிறார்கள். சர்வர் அமைப்பை நிரலாக எழுதி வைக்கும் டெர்ராஃபார்மின் உரிமத்தை 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் கம்பெனி மாற்றியது. அடுத்த மாதமே பழைய உரிமத்தில் இருந்த நிரலை எடுத்து, லினக்ஸ் ஃபவுண்டேஷன் நிழலில் ஓப்பன்டோஃபு என்று தனியாகக் கிளம்பினார்கள். நிரல் திறந்திருந்ததால்தான் கிளம்ப முடிந்தது. மூடியிருந்தால்?

மூடியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. நம் மணலியில் இருப்பது போலவே குஜராத் வாடினாரில் ஒரு பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, நயாரா எனர்ஜி. அதில் ரஷ்ய நிறுவனமான ராஸ்நெஃப்டுக்குப் பங்கு உண்டு. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்ததும், அந்தக் கம்பெனிக்கு மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்திவிட்டது. பணம் கட்டி வாங்கின சேவை! சொந்த மின்னஞ்சலையே பார்க்க முடியாமல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சில நாட்களில் சேவை திரும்ப வந்தது. இந்தியச் சட்டப்படி எந்தத் தடையும் இல்லாத ஒரு கம்பெனிக்கே இது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சுத்திகரிப்பு ஆலை வக்கீல் வைக்கும். மகளிர் குழு வைக்குமா?

தமிழ்நாட்டில் இதை முன்கூட்டியே யோசித்தவர்கள் இருந்தார்கள். எல்காட் நிறுவனம் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது, சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பே, தன் கணிப்பொறிகளை லினக்ஸுக்கு மாற்றியது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் 'பாஸ்' என்ற லினக்ஸை உருவாக்கியது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அது விண்டோஸோடு சேர்ந்து மாணவர் கைக்கே வந்தது. வந்து என்ன பயன்? பெரும்பாலானவர்கள் அந்தப் பக்கம் போகவே இல்லை. என் பெரியம்மா மகளுக்குக் கிடைத்த அந்த லேப்டாப்தான் இன்று என்னிடம் இருக்கிறது. பேட்டரி செத்துவிட்டது, வயர் பிடுங்கினால் அணைந்துவிடும். அதில்தான் நான் லினக்ஸும் கிட்டும் டாக்கரும் ஓட்டுகிறேன். ஒரு பைசா செலவில்லை.

இனி கிளவுடு. பெயரைக் கேட்டு வானத்தைப் பார்க்க வேண்டாம், அம்பத்தூர், சிறுசேரி பக்கம் போனால் அந்தக் கட்டடங்களைப் பார்க்கலாம். சிங்கப்பூரிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வரும் கடலடிக் கேபிள்கள் சென்னையில் கரையேறுவதால்தான் அவை இங்கே நிற்கின்றன. புதிதாகத் தொடங்கும் கம்பெனிகளுக்குக் கிளவுடு நிறுவனங்கள் இலவச கிரெடிட் தருகின்றன. இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் சுனாமிப் படகுகள்தான் ஞாபகம் வரும். 2004-க்குப் பிறகு கடற்கரை முழுதும் இலவசமாக ஃபைபர் படகுகள் வந்து இறங்கின. அவற்றில் பல தரமில்லாதவை என்று அப்போதே பேச்சு. நம் அலைக்கும் நம் வலைக்கும் பொருந்துமா என்று யாரும் கேட்டுக் கட்டவில்லை. கிரெடிட்டும் அப்படித்தான். காசு தீரும் வரை எல்லாம் இனிக்கும். தீர்ந்த பிறகுதான் பில் தெரியும். தகவலை உள்ளே ஏற்ற வழக்கமாகக் காசு கேட்கமாட்டார்கள், வெளியே இறக்கத்தான் கேட்பார்கள். 2024-ல் பெரிய கம்பெனிகள் மூன்றும், மொத்தமாகக் காலி செய்துகொண்டு போகிறவர்களுக்கு மட்டும் அந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தன.

அதற்காகக் கிளவுடே கூடாது என்று கோஷம் போடுகிறவன் நான் இல்லை. சொந்த டேட்டா சென்டர், சொந்த மென்பொருள் என்று நிற்கிறது நம் ஜோஹோ. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2005 முதல் தனிப் பள்ளியே நடத்திப் பன்னிரண்டாவதும் டிப்ளமோவும் படித்த நம் போன்ற பிள்ளைகளை எடுத்துப் பழக்கியவர்கள். அவர்களுக்கு அது சரி, பதினைந்தாயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். பெங்களூரின் ஜெரோதா பங்குத் தரகு நிறுவனத்தில் கோடிக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள். ஆனால் கைலாஷ் நாத் தலைமையிலான தொழில்நுட்பக் குழு முப்பது பேர் அளவில்தான். திறமூலக் கருவிகளை எடுத்து, தேவையானதை மட்டும் வைத்து ஓட்டுகிறார்கள். 2024 அக்டோபரில் திறமூலத் திட்டங்களுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் கொடுக்க நிதியும் அமைத்தார்கள். அமெரிக்காவின் 37சிக்னல்ஸ் கம்பெனியோ பல வருடம் கிளவுடில் இருந்துவிட்டு 2022-ல் வெளியேறுவதாக அறிவித்துச் சொந்த சர்வருக்குப் போனது, செலவு பாதிக்கும் கீழே போய்விட்டதாகச் சொல்கிறது. மூன்று பேருக்கு மூன்று வழி. யாருடைய வழியையும் நாம் அப்படியே பிடித்துக்கொண்டால் ஆபத்துதான்.

சரி, சொந்த சர்வரை எங்கள் குப்பத்திலேயே வைத்துவிடலாமே என்று மற்றொரு நண்பன் சொன்னான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நம் வீடுகளில் எத்தனை அடி தண்ணீர், எத்தனை நாள் கரன்ட் இல்லை என்று நினைத்துப் பார்த்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். எங்களுக்கு ஏற்றது, மாத வாடகைக்குக் கிடைக்கும் ஒரு சின்ன மெஷின், அதில் லினக்ஸ், ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், நிரலுக்கு கிட், வெளியிட ஒரு சின்ன ஸ்கிரிப்ட். இவ்வளவுதான். பார்ப்பதற்குப் பகட்டில்லை. நாளை எங்கள் ஜூனியர் ஒருவன் வந்தால் ஒரே மாலையில் கற்றுக்கொண்டுவிடுவான். அது எனக்கு முக்கியம்.

ஸ்கிரிப்ட் என்றதும் சிரிக்காதீர்கள். 2012 ஜூலை இறுதியில் அமெரிக்காவின் நைட் கேபிடல் என்ற பங்குத் தரகு கம்பெனி எட்டு சர்வர்களில் புதிய நிரலை ஏற்றியபோது ஒன்றை விட்டுவிட்டார்கள். ஆள் கையால் செய்த வேலை, சரிபார்க்க இன்னொருவர் இல்லை. ஆகஸ்ட் 1 அன்று அந்த ஒரு சர்வரில் தூங்கிக்கொண்டிருந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு தாறுமாறாகப் பங்குகளை வாங்கி விற்றது. 45 நிமிடத்தில் 44 கோடி டாலர் நஷ்டம்! எட்டு மெஷினுக்கும் ஒரே வேலையைச் செய்து, முடிந்ததா என்று எண்ணிப் பார்க்கும் பத்து வரி ஸ்கிரிப்ட் அந்தக் கம்பெனியைக் காப்பாற்றியிருக்கக்கூடும்.

எல்லாவற்றையும் விட நான் பயப்படுவது பேக்கப் விஷயத்தில். கிட்லேப் என்பது மற்ற கம்பெனிகளுக்கு டெவ்ஆப்ஸ் கருவி விற்கும் கம்பெனி. 2017 ஜனவரி 31 இரவு, களைத்துப்போயிருந்த ஒரு பொறியாளர், உபரி சர்வர் என்று நினைத்து முதன்மைத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் 300 ஜிபி அளவில் இருந்தது நாலரை ஜிபியாகிவிட்டது. பேக்கப் எடுக்க ஐந்து விதமான ஏற்பாடு இருந்தது. தினசரி பேக்கப்பைத் திறந்தால் காலி, ஏனென்றால் தவறான பதிப்புக் கருவியால் அது பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றது என்று சொல்லும் மின்னஞ்சலும் போய்ச் சேரவில்லை. யாரோ ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காகத் தற்செயலாக எடுத்து வைத்த நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தகவல் போனது போனதுதான். ஒன்று சொல்ல வேண்டும், நடந்ததை மறைக்காமல் உலகத்துக்கே நேரடியாகக் காட்டிக்கொண்டு சரிசெய்தார்கள். அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம்.

பேக்கப் எடுக்கிறோமா என்று கேட்பதில் அர்த்தமில்லை. எடுத்ததிலிருந்து திருப்பிப் போட்டுப் பார்த்தோமா என்றுதான் கேட்க வேண்டும். எங்கள் திட்டத்தில் மாதம் ஒரு முறை, அந்தப் பழைய லேப்டாப்பில் முழுக் கணக்கையும் திரும்ப ஏற்றி, குழுத் தலைவி அக்காவை உட்கார வைத்து நோட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். நோட்டையும் நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டோம். கம்ப்யூட்டர் வந்த பிறகு நோட்டு எதற்கு என்று கேட்டவர்களுக்கு, 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் கம்பெனியின் ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க 85 லட்சம் கணிப்பொறிகள் படுத்தபோது, நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன்.

இன்னொரு விஷயம், இதை மற்ற ஊர்க்காரர்கள் எழுதமாட்டார்கள். சர்வர் ஓடக் கரன்ட் வேண்டும். அந்தக் கரன்டில் ஒரு பங்கு நம் பக்கத்து அனல் மின் நிலையங்களில் எரியும் நிலக்கரியிலிருந்து போகிறது. சாம்பல் வந்து சேரும் இடம் கொசஸ்தலையாறு. முகத்துவாரத்தில் இறால் தடவிப் பிழைத்தவர்கள் இன்று சேற்றுக்குப் பதில் சாம்பலில் நிற்கிறார்கள். யாரும் பயன்படுத்தாத சோதனை சர்வர் ராத்திரி முழுக்க ஓடுவதும், ஒரு மெஷின் போதுமான இடத்தில் மூன்று வைப்பதும் பில்லில் மட்டும் தெரியும் விஷயம் அல்ல. கருவித் தேர்வு பற்றிய பட்டியல்களில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. எங்கள் சோதனை மெஷினை மாலை ஏழு மணிக்கு அணைத்துவிடுகிறோம்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வெளியே ஒரு பயிற்சி மையத்தில் டெவ்ஆப்ஸ் படிப்புக்கு நாற்பதாயிரம் கேட்டார்கள். பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்தேன், இருபத்திரண்டு கருவிகளின் பெயர், மூன்று மாதம். அம்மா கம்மலைக் கழற்றிச் சேட்டு கடைக்குக் கிளம்பத் தயாராகிவிட்டார். வேண்டாம் என்று தடுத்தேன். என் வகுப்பிலேயே கட்டிவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காட்டிய சான்றிதழ் அழகாக இருக்கிறது, ஒரு சர்வர் நின்றுபோனால் முதலில் எங்கே பார்ப்பது என்று கேட்டால் பதில் இல்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அங்கே நின்றுபோக ஒரு சர்வரே கொடுக்கவில்லை.

நம் கல்லூரி ஸ்டோர் ரூமில் கழித்துக்கட்டின கணிப்பொறிகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அதில் ஐந்தை எடுத்து, லினக்ஸ் போட்டு, மாலை ஐந்து மணிக்கு மேல் மாணவர்கள் கையில் விட வேண்டும். ஒருவர் வேண்டுமென்றே கெடுக்க வேண்டும், மற்றவர் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். பேக்கப்பை அழித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பழைய செங்கல் போல இருந்தாலும் கூபர்நெட்டீஸைக்கூட அதில் போட்டுப் பார்க்கலாம், நண்பனின் இன்டர்வியூவுக்கும் ஆகும், அந்தம்மாக்களின் கணக்கும் தப்பிக்கும். செலவு ஒரு ஸ்விட்ச், கொஞ்சம் கேபிள், சாவியை வைத்துக்கொள்ள ஒரு ஆசிரியர். சங்கச் சந்தாவில் இதற்கு இடம் இருக்கிறது என்று பொருளாளரிடம் விசாரித்துவிட்டேன். அடுத்த பொதுக்குழுவில் தீர்மானத்தை நான் முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும், எந்தத் துறையாக இருந்தாலும் சரி.